மியூராவை இவ்வளவு தூக்கி வைக்கணுமா?

சக்கரவாகன்:
இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் லம்போர்கினி மியூரான்னாலே "நடு எஞ்சின் வச்ச முதல் ரோடு கார்"னு ஆரம்பிச்சிடறாங்க, அதாவது சீட்டுக்குப் பின்னால, முன்-பின் சக்கரங்களுக்கு நடுவுல எஞ்சின். பிரான்ஸ்ல அப்படிப்பட்ட ரெனே பொன்னே ஜெட்ங்கற கார் 1962லயே வந்தாச்சு. மியூராவை 1966 மார்ச்ல ஜெனீவா கண்காட்சிக்கு அவசர அவசரமா கொண்டுவந்து, மிச்ச வேலையை வாங்கினவன் தலையில கட்டிட்டாங்க.

கிளட்ச்பிளேட்:
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்க தலைவரே. ஜெட்ல இருந்தது சின்ன நாலு சிலிண்டர். இங்க 3.9 லிட்டர் வி12 (12 சிலிண்டர்), 350 குதிரைசக்தி. இதை உருவாக்கின இன்ஜினியர்கள் டல்லாரா, ஸ்டான்சானி, டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ் மூணு பேருமே அப்போ முப்பதைத் தொடாத பசங்க. அவ்வளவு நீள எஞ்சினைக் குறுக்கே திருப்பிப் போட்டு, கியர்பாக்ஸையும் எஞ்சினோட அதே உலோக வார்ப்புக்குள்ள அடக்கினாங்க. மினி கார்ல செஞ்ச அதே வேலை! அதனாலதான் வீல்பேஸ் (முன்-பின் சக்கர இடைவெளி) ரெண்டரை மீட்டர்ல நின்னுது. ஃபெராரி, நடுவுல 12 சிலிண்டர் வச்ச ரோடு காரை விற்க ஆரம்பிச்சது 1973ல.

சக்கரவாகன்:
அதே வார்ப்புதான் வினை. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். கியர் பல்லு தேய்ஞ்சு உதிர்ற தூள் எஞ்சின் ஆயில்லயே சுத்தும். ரெண்டையும் பிரிச்சது மியூராவோட கடைசி மாடலான எஸ்வியில, அதுலயும் கடைசிக் காலத்து வண்டிகள்லதான். பெட்ரோல் டேங்க் முன்னாடி. அது காலியாக ஆக மூக்கு லேசாகி, வேகத்துல தூக்கும். வெபர் கார்புரேட்டர் ரேஸுக்குச் செஞ்சது. டிராஃபிக்ல ஐடில்ல நின்னா மேலே பெட்ரோல் தேங்கும், அப்புறம் ஒரு பொறி போதும். எரிஞ்சுபோன மியூராக்கள் கதை உங்களுக்கே தெரியும்.

மூன்றாம்கியர்:
எஞ்சினை விடுங்கப்பா. பாடி யாரோடது? பாடியை வடிவமைச்ச பெர்டோனே கம்பெனியில இருந்து டிசைனர் ஜூஜாரோ கிளம்பின பிறகு, 1965 நவம்பர்லதான் அவர் இடத்துக்கு காந்தினி உள்ள வர்றார். மார்ச்ல கார் மேடையில நிக்குது. நாலு மாசத்துல ஒண்ணுமில்லாம இருந்து இதை வரைய முடியுமா? ஜூஜாரோவோட ஸ்கெட்ச்ல இருந்துதான் வளர்ந்திருக்கணும். அவரும் பின்னாடி அப்படித்தான் சொன்னார்.

கிளட்ச்பிளேட்:
காந்தினி மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்போ அவருக்கு வயசு 27. அதே ஆள் அடுத்து ஸ்ட்ராடோஸ், கவுன்டாச்னு பேர்போன கார்களை வரைஞ்சார், அதுக்கும் பழைய ஸ்கெட்ச் தேடுவீங்களா? மியூராவோட கதவுக்குப் பின்னால கறுப்புப் பட்டைகள் அடுக்கியிருக்கும், காத்து உள்ள போற வழி. கதவுக் கைப்பிடி அந்தப் பட்டைகளோட பட்டையா ஒளிஞ்சிருக்கு. ஹெட்லைட்டோ ஃபியட் 850 ஸ்பைடர்ல இருந்து எடுத்தது. மல்லாக்கப் படுக்க வச்சு, சுத்தி இமை மாதிரி கோடு போட்டுட்டார். சாதாரணக் கார் விளக்குன்னு யாராவது சொல்ல முடியுமா?

மூன்றாம்கியர்:
இமை அழகுதான், ஒத்துக்கறேன். ஆனா நாலு மாசக் கணக்குக்குப் பதில் வரலையே?

சக்கரவாகன்:
நீங்க ரெண்டு பேரும் இமையை எண்ணிட்டிருங்க. வண்டி எரியறப்போ உள்ளே இருக்கறவனை இழுக்க ஓடிவர்றவன், அந்தப் பட்டையில எது கைப்பிடின்னு எப்படிக் கண்டுபிடிப்பான்?