பனிச்சப்பாத்து போட்டு நடக்க நல்ல பாதை? (ஞாயிறு போகிறோம், கெதியாகச் சொல்லவும்)

புதுச்சப்பாத்து · வெள்ளி 19:40
வணக்கம். வருகிற ஞாயிறு, பனியில் கால் புதையாமல் இருக்கப் போடுகிற பனிச்சப்பாத்தோடு இங்கே சுவிஸில் ஒரு மலைக்குப் போக இருக்கிறோம். பாதுகாப்பான பாதை ஒன்று சொல்லுங்கள். முகடுகள் வரிசையாகத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். காட்டுக்குள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிற பாதை வேண்டாம். சப்பாத்து வாடகைக்கு எடுத்தாயிற்று, திங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கிழங்குரொட்டி · 19:52
எங்கிருந்து புறப்படுகிறீர்கள்? எத்தனை பேர்? காரா, ரயிலா? முன்னம் பனியில் நடந்த பழக்கம் இருக்கிறதா?

லொசான்வாசி · 20:03
எங்கே இருந்தாலும் யூரா மலைத்தொடருக்குப் போங்கள். அங்கே ஷாஸ்ரால் மலை 1607 மீட்டர்தான், உச்சி மொட்டை. அங்கே நின்றால் ஆல்ப்ஸ் மொத்தமும் எதிரே மதில் மாதிரி நிற்கும். வானம் தெளிந்திருந்தால் மொன் பிளாங் கூடத் தெரியும். பனிச்சரிவுப் பயமும் ஆல்ப்ஸ் அளவுக்குக் கிடையாது.

தூன்காரன் · 20:10
அண்ணைக்கு எந்தக் கேள்விக்கும் ஷாஸ்ரால்தான் பதில். போன ஞாயிறு அங்கே பாதிக்குப் பாதி புல் தெரிந்தது. சப்பாத்தைத் தோளில் போட்டுக்கொண்டா நடப்பது?

லொசான்வாசி · 20:14
நீர் வடக்குப் பக்கத்தால் ஏறியிருக்க வேண்டும்.

புதுச்சப்பாத்து · 20:31
மன்னிக்கவும், பேர்ணில் இருந்து. கார் இல்லை. மூன்று பேர். நண்பர் ஒருவர் படம் அனுப்பினார்: நீடர்ஹோர்னில் இருந்து கெம்மனால்ப்ஹோர்ன் வரை போகிற கூகிஸ்க்ராட் முகடு. அதையே செய்யலாம் என்று பார்க்கிறேன். பெயாட்டன்பேர்க்கில் கேபிள் கார் ஏறினால் மேலே விட்டுவிடுவார்கள், பிறகு முகட்டால் நேரே நடக்கிறதுதானே? படத்தில் சின்னப் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

கிழங்குரொட்டி · 20:35
அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது?

புதுச்சப்பாத்து · 20:36
ஜூலை.

மலைமூப்பர் · 20:58
இந்தக் களத்தில் தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, யாரும் பாவிப்பதாகத் தெரியவில்லை. வருடா வருடம் டிசம்பர் பிறந்ததும் ஒருவர் கோடைப் படத்தோடு வந்து இதையே கேட்பார், நானும் இதையே எழுதுவேன். இருபது வருடமாக மலைக்குப் போகிறவன் சொல்கிறேன், குறித்துக்கொள்ளும். ஒன்று, டாவோஸில் இருக்கிற பனி ஆய்வு நிறுவனம் எஸ்.எல்.எஃப் தினமும் பின்னேரம் 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை போடும், குளிர்காலத்தில் காலை 8 மணிக்கு இன்னொன்று. ஐந்து நிலையில் 3 என்றால் ‘நடுத்தரம்தானே’ என்று நினைக்கக் கூடாது. சாவுகளில் பெரும்பங்கு அந்த 3 இல்தான் நடக்கிறது. 4 இல் ஆட்கள் பயந்து வீட்டில் இருந்துவிடுவார்கள். இரண்டு, சுவிஸ்டோப்போ என்கிற அரச நிறுவனத்தின் வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் போட்டுக் காட்டும் அடுக்கைத் திறந்து பாரும். மஞ்சளில் தொடங்கி ஊதா வரை போகும். உமது பாதை நிறத்தைத் தொடாவிட்டாலும், மேலே நிறம் இருந்தால் சரிந்து வருவது உமது தலையில்தான் விழும்.

சூரிச்_சேகர் · 21:05
நல்ல தகவல். ஆனால் கொஞ்சம் அன்பாகவும் சொல்லலாம் சார்.

தூன்காரன் · 21:22
தம்பி, கூகிஸ்க்ராட் இப்போது வேண்டாம். நீடர்ஹோர்ன் உச்சிவரை பிரச்சினை இல்லை, அங்கே குளிர்கால நடைபாதையும் இருக்கிறது. அதற்கு அப்பால் முகட்டின் ஒரு பக்கம் யுஸ்டிஸ்தால் பள்ளத்தாக்குக்குச் செங்குத்தாக இறங்குகிறது. கோடையில் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். குளிர்காலத்தில் காற்று பனியை வாரி விளிம்புக்கு வெளியே தாழ்வாரம் மாதிரிக் கட்டிவிடும், மேலே பார்த்தால் அகலமான வெள்ளைத் தரை. நான் ஒருமுறை, வேறொரு முகட்டில், நல்ல கெட்டியான இடம் என்று நினைத்து நின்று தேத்தண்ணி ஊற்றினேன். கைத்தடியைப் பக்கத்தில் குத்தினால் பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. இழுத்தேன். அந்த ஓட்டைக்குள்ளால் நீல வெளிச்சம், அதற்குக் கீழே, மிகக் கீழே, பைன் மர நுனிகள். போத்தல் மூடியைப் போடவில்லை, படுத்து ஊர்ந்து பின்னால் வந்தேன். போத்தல் இன்றும் அங்கேதான்.

புதுச்சப்பாத்து · 21:30
ஐயோ.

பாறைப்பல்லி · 21:41
புதைந்தவரைத் தேடுகிற எல்.வி.எஸ் கருவி, துழாவும் கம்பி, பனி தோண்டுகிற சவல். மூன்றும் மூன்று பேரிடமும் இருக்கிறதா? இல்லாவிட்டால் வீட்டில் இருங்கள். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு, ஹெலி வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

கிழங்குரொட்டி · 21:50
குறி போட்ட பாதைக்குமா? இளஞ்சிவப்புப் பலகை உள்ள பாதையைப் பொறுப்பானவர்கள் பார்த்துத்தான் திறக்கிறார்கள், பனிச்சரிவு அபாயம் என்றால் மூடுகிறார்கள். அதில் நடக்கிற குடும்பமெல்லாம் சவல் தூக்கிக்கொண்டா போகிறது?

பாறைப்பல்லி · 21:55
பலகை பனிச்சரிவை நிறுத்தாது.

கிழங்குரொட்டி · 21:57
சவலும் நிறுத்தாது. பலகை உள்ள பாதையை விட்டு விலகாமல் இருப்பதுதான் விஷயம். பழகாத கையில் எல்.வி.எஸ் வெறும் பெட்டி, அதைக் கட்டிவிட்டோம் என்று துணிந்து செங்குத்துக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சூரிச்_சேகர் · 22:08
சின்ன சந்தேகம்: ‘பனிச்சப்பாத்து’ என்றால் ஸ்னோ ஷூவா? எங்கள் ஊரில் சப்பாத்து என்று சொன்னால் யாருக்கும் புரியாது. பனிக்காலணி என்றால் என்ன?

தூன்காரன் · 22:12
காலணி என்றால் கோயில் வாசலில் கழற்றி வைக்கிறது மாதிரி இருக்கிறது.

லொசான்வாசி · 22:15
நாங்கள் இங்கே ‘ராக்கெத்’ என்றுதான் சொல்கிறோம். பிரெஞ்சில் டென்னிஸ் மட்டைக்கும் அதே சொல். உருவத்தைப் பாருங்கள், எவ்வளவு பொருத்தம்.

மலைமூப்பர் · 22:19
ராக்கெத் கேட்டால் என் மகன் பட்மின்டன் மட்டையை எடுத்துத் தருகிறான். சப்பாத்து ஊரில் வழங்குகிற சொல், போர்த்துக்கீசர் விட்டுப்போனது. மாற்றத் தேவையில்லை.

சூரிச்_சேகர் · 22:24
அப்படியானால் காலணிதான் சுத்தத் தமிழ் என்று ஆகிறதே.

(இதற்குப் பிறகு சப்பாத்து, காலணி, பாதரட்சை பற்றி 14 பதில்கள்)

புதுச்சப்பாத்து · சனி 09:12
எல்லாம் வாசித்தேன், நன்றி. கூகிஸ்க்ராட்டை விட்டுவிட்டேன். ஒன்று சொல்ல மறந்துவிட்டது: மூன்றாவது ஆள் அம்மா. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மூன்று கிழமை ஆகிறது, 63 வயது, இடது முழங்கால் நோ. பனிமலையைக் கிட்டப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளில் இருந்து சொல்கிறா.

கிழங்குரொட்டி · 09:15
இதை முதலாவது வரியில் எழுதியிருக்க வேண்டும்!!

மலைமூப்பர் · 09:40
அம்மாவையா அந்த முகட்டுக்குக் கூட்டிப் போக இருந்தீர்?

தூன்காரன் · 09:48
சரி, திட்ட வேண்டாம், இப்போதாவது சொன்னாரே. தம்பி, நீர் கேட்டது முகட்டில் நிற்கவா, முகட்டைப் பார்க்கவா? பார்க்க என்றால் எதிரே உள்ள மேடுதான் நல்ல இடம், கூகிஸ்க்ராட்டில் நின்றால் கூகிஸ்க்ராட் தெரியாது. கூர்னிகல் பக்கம் போங்கள். செலிபூல் 1750 மீட்டர், குறி போட்ட பனிச்சப்பாத்துப் பாதை. உச்சியில் தெற்கே திரும்பினால் ஓக்சன், கான்ட்ரிஷ், ஸ்டொக்ஹோர்ன் எல்லாம் ஒரே வரிசை, ஒவ்வொன்றும் 2100க்கு மேல். அம்மாவுக்கு ஏலாவிட்டால் கூர்னிகலிலேயே வெயிலில் இருக்கட்டும். பேருந்தின் ஞாயிறு நேரத்தை இன்றைக்கே பாரும், கடைசி பஸ்ஸை விட்டால் பெரிய கரைச்சல்.

லொசான்வாசி · 09:55
இல்லாவிட்டால் ஷாஸ்ரால்.

கிழங்குரொட்டி · 10:05
அம்மா நடக்கவே வேண்டாம் என்றால் நீடர்ஹோர்ன் கேபிள் காரும் நல்லது. அய்கர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்றும் ஏரிக்கு அப்பால் நேரே நிற்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மலையாடும் காணலாம். செலிபூல் என்றால் மூன்று விஷயம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மரப்பலகை மாதிரி விறைத்துவிடும். இறக்கத்தில் முழங்காலுக்குத் தடி இரண்டு கட்டாயம். குறுக்கு வழி எடுக்காதீர்கள், விலங்குகளுக்கு விட்ட அமைதி வலயங்கள் இருக்கின்றன, உள்ளே போனால் அபராதம். ஹெலியில் வருகிற மீட்புச் சேவை ரேகாவின் இலக்கம் 1414, கைபேசியில் போட்டு வையுங்கள். இன்று 5 மணி அறிக்கையையும் நாளைக் காலை அறிக்கையையும் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

பாறைப்பல்லி · 10:11
சவல்?

புதுச்சப்பாத்து · திங்கள் 18:20
செலிபூல் போய் வந்தோம். அறிக்கை 2. பாதையை விட்டு விலகவில்லை. அம்மா பாதித் தூரம் வந்தா, பிறகு தடியை ஊன்றிக்கொண்டு கான்ட்ரிஷைப் பார்த்தபடி நின்றா, கூப்பிட்டும் வரவில்லை. நாங்கள் உச்சிக்குப் போய்த் திரும்பி வரும்போதும் அதே இடம்தான், ஆனால் பக்கத்தில் ஒரு சுவிஸ் பாட்டி, இருவரும் ஏதோ கதைக்கிறார்கள். என்ன பாஷையில் என்று தெரியவில்லை. குளிரில் கைபேசி செத்துவிட்டது, படம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

லொசான்வாசி · 18:44
கைபேசியை உள்சட்டைப் பைக்குள் வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை ஷாஸ்ரால்.

சூரிச்_சேகர் · 19:02
அம்மா அதை என்ன என்று சொன்னார்கள், சப்பாத்தா காலணியா?