பெயிண்ட்பாலில் குறி தவறுவது கையாலா, குண்டாலா?

கேள்வி – கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வணக்கம். நாங்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை வாளையார் பக்கத்துத் திடல் ஒன்றில் பெயிண்ட்பால் (சாயம் நிரம்பிய குண்டுகளைச் சுடும் ஆட்டம்) விளையாடுகிறோம். பங்குனி வரை 30 மீட்டர் தள்ளி நின்ற தென்னை மரத்தைப் பெரும்பாலும் தவறாமல் அடித்துவந்த எனக்கு, ஆடி பிறந்ததிலிருந்து பத்துக்கு மூன்றுகூடப் படுவதில்லை. ஒரு குண்டு வலப்புறம் விலகினால் அடுத்தது மேலே போகிறது. இரண்டு குண்டுகள் குழலுக்குள்ளேயே உடைந்தன. 12 அங்குலக் குழலை மாற்றி 16 அங்குலக் குழல் வாங்கினால் சரியாகுமா?

பதில் – சித்தூரிலிருந்து (பாலக்காடு):
தம்பி, குழலுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நீளமான குழல் குறியைத் திருத்தும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. குண்டின் மேலோடு ஜெலட்டினால் ஆனது என்பதால் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி உப்பும், உருண்டை வடிவமும் கெடும். சுமார் 17 மில்லிமீட்டர் குண்டில் ஒரு மயிரிழை மாறினாலும் அது வேறு பாதையில்தான் போகும். காற்று டேங்கைக் கழற்றி, மார்க்கரை (குண்டு சுடும் துப்பாக்கியை) காலி செய்து, குழலைத் தனியே எடுத்து அதற்குள் ஒரு குண்டை இட்டுப் பாருங்கள். தானாக உருண்டு விழுந்தால் குழல் பெரிது. வாயால் ஊதினால் சீராக வெளியே வர வேண்டும். ஊதியும் அசையாவிட்டால் குண்டு உப்பியிருக்கிறது என்று பொருள். உள்ளே ஒன்று உடைந்தால், துடைப்பானை விட்டுச் சாயத்தை முழுவதும் எடுக்காமல் அடுத்ததைச் சுடாதீர்கள்; ஒட்டியிருக்கும் சாயம் பின்னால் வரும் குண்டுகளையெல்லாம் திருப்பிவிடும்.

பதில் – கஞ்சிக்கோட்டிலிருந்து:
சித்தூர் அண்ணன் சொன்னதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், பெயிண்ட்பால் குண்டோ 3 கிராம்தான். வினாடிக்கு 280 அடி வேகத்தில் கிளம்பினாலும் அது 30 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ அரை வினாடி ஆகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் குறுக்குக் காற்று போதும், குண்டு அரை மீட்டருக்கு மேல் ஒதுங்கிவிடும். இங்கே காற்று மேற்கிலிருந்து அடிப்பதால், வடக்கு தெற்காகச் சுடுவதைத் தவிர்த்து, 15 மீட்டருக்குள் நெருங்கிச் சுடுங்கள்.

பதில் – தேவிகுளத்திலிருந்து:
நான் ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் ஆட்டம்) ஆடுபவன். அதில் துப்பாக்கியிலுள்ள ஹாப்-அப் என்னும் அமைப்பு குண்டுக்குப் பின்சுழற்சி தருகிறது. காற்று நாளில் 0.20 கிராமுக்குப் பதில் 0.28 கிராம் குண்டைப் போட்டால் விலகல் குறையும். பெயிண்ட்பாலில் பொதுவாக அந்த வசதி இல்லாததால் குண்டின் தரம்தான் எல்லாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்று மாலை திண்ணையில் அமர்ந்து 20 குண்டுகளை ஊதிப் பார்த்தேன். 7 குண்டுகள் குழலில் அசையவே இல்லை, கையில் உருட்டினால் ஒரு பக்கம் தட்டையாக இருந்தன. பை திறந்தபடியே பைக் பெட்டியில் கிடந்ததுதான் காரணம். மீதியை எங்கே வைப்பது?

பதில் – சித்தூரிலிருந்து:
அந்த ஏழையும் எறிந்துவிடுங்கள். நல்லவற்றை இறுக மூடும் எவர்சில்வர் தூக்கில் போட்டு, வெயில் படாத அறையில் வையுங்கள். பிரிட்ஜ் கூடாது, குளிரில் மேலோடு நொறுங்கும். சில நாட்களுக்கு ஒருமுறை தூக்கைத் திருப்பி வைத்தால் தட்டையாகாது.