சீன முதியோரிடம் மறதிநோய் ஆய்வு: எந்த மொழியில் கேட்பது?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் பற்றிய ஆய்வொன்றில் பணியாற்றுகிறேன். சக ஊழியர் வினாக்களை மாண்டரினில் படிக்க, நான் மதிப்பெண் இடுவது வழக்கம். சென்ற வாரம், தியோச்சியூ என்ற சீன வட்டார மொழி பேசிப் பழகிய, பள்ளிக்கே போகாத மூதாட்டி ஒருவரிடம் தேதியைக் கேட்டோம். அவர் சற்றும் தயங்காமல் சீனச் சந்திர மாதத்தின் நாளைச் சொன்னார். படிவப்படி பூஜ்யம் இட்டேன். புறப்படும்போது சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தால், அவர் சொன்ன நாள் சரியாகவே இருந்தது. அந்தப் பூஜ்யம் இன்னும் மனத்தை உறுத்துகிறது. இத்தகையோரை எப்படி மதிப்பிடுவது முறை?

மறுமொழி 1:
உங்கள் உறுத்தல் நியாயமானது. 1980களில் ஷாங்காயில் நடந்த ஆய்வுக்காக மினி மெண்டல் என்ற அறிதிறன் தேர்வைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர்கள், 30 மதிப்பெண்ணில் எழுத்தறியாதோருக்கு 17, தொடக்கக்கல்வி பெற்றோருக்கு 20, அதற்குமேல் படித்தோருக்கு 24 என, மறதிநோயைச் சந்தேகிப்பதற்கான எல்லையைப் பிரித்து வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே எல்லை வைத்திருந்தால், பள்ளி வாசலையே மிதிக்காத பெண்கள் பலர் நோயாளிகளாகக் கணக்கில் ஏறியிருப்பார்கள். திருப்பிச் சொல்லவேண்டிய ஆங்கிலத் தொடருக்குப் பதிலாகச் சீன வடிவத்தில் வருவது ‘நாற்பத்து நான்கு கல் சிங்கங்கள்’ என்று பொருள்படும் நாப்பிறழ் வாக்கியம். மாண்டரினில் ச, ஷ ஒலிகள் அடுத்தடுத்து மோதுவதால்தான் அது கடினம். தியோச்சியூவில் அந்த மோதலே கிடையாது. ஆகவே மாண்டரின் படிவத்தை வாய்மொழியாகத் தியோச்சியூவுக்கு மாற்றிக் கேட்பதும் தீர்வாகாது.

மறுமொழி 2:
மாண்டரின் பேசும் இயக்கம் இங்கே தொடங்கியதே 1979இல்தான். இன்றைய முதியோர் பலர் ஹொக்கியன், தியோச்சியூ, கண்டோனீஸ் பேசி வளர்ந்தவர்கள். பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டி தடுமாறும் இடத்தில் அவர்களே அன்பு மிகுதியால் விடையை நிரப்பிவிடுவார்கள். மோக்கா என்ற மற்றோர் அறிதிறன் தேர்வின் ஹாங்காங் வடிவம் நல்ல முன்மாதிரி: குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்பதற்குப் பதிலாக, அங்கே விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்கிறார்கள்.

மறுமொழி 3:
ஒப்புதல் படிவத்தில் நோயின் பெயரையும் பாருங்கள். ‘சிதாய்’ என்ற பழைய சீனச் சொல் மந்தபுத்தி, மூடத்தனம் என்று ஒலிப்பதால், அதைக் கண்டதுமே பல குடும்பங்கள் விலகிவிடுகின்றன. அதே எழுத்துகளை ஜப்பான் 2004இல் கைவிட்டது; ஹாங்காங்கில் ‘அறிதிறன் குறைபாடு’ என்று பொருள்படும் பெயர் வழக்கில் உள்ளது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மதிப்பெண்ணை நானாகத் திருத்தவில்லை. மூதாட்டி சொன்ன நாளை அவர் சொன்னபடியே குறித்து, ஆய்வுத் தலைவருக்கு அனுப்பியிருக்கிறேன். தியோச்சியூ பேசும் பயிற்சி பெற்ற ஒருவருடன் அவரை மறுபடி சந்திக்க அனுமதியும் கேட்டுள்ளேன்.