மாண்டிசோரியும் விளையாட்டும் நேரடிப் பாடமும் ஒரே வகுப்பில்: உங்கள் அனுபவம் என்ன?

மழலையர் வகுப்பு ஆசிரியை:

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் வகுப்பை நடத்துகிறேன். பயிற்சி பெற்றது மாண்டிசோரி முறையில், அதாவது பிள்ளையே அலமாரியிலிருந்து பொருளை எடுத்துத் தன் வேகத்தில் வேலை செய்யும் முறையில். ஆனால் என் வகுப்பில் கட்டைகளும் மணலும் வைத்த விளையாட்டு மூலை இருக்கிறது, கதை நேரம் இருக்கிறது, நாலைந்து பேரை உட்காரவைத்து நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதும் நடக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் எல்லோரும் கேட்பது, "உங்களுடையது எந்த முறை?" ஒற்றைப் பெயரில் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. எது எதனோடு சேர்ந்தது, எது சேரவில்லை என்று சொல்லத்தான் வரும். அதை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் எல்லோருக்கும் உதவும்.

வடிவங்களில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஐந்து வயதை நெருங்கும் ஒரு சிறுமி. அவளைப் பொறுத்தவரை முக்கோணம் என்றால் அடி தட்டையாக, உச்சி கூராக, மூன்று பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதையே தலைகீழாக வைத்தால், "இது முக்கோணம் இல்ல டீச்சர், கவுந்துபோச்சு" என்பாள். ஒல்லியாக நீண்டதைக் காட்டினால், "இது ஈட்டி." குச்சிகளைக் கொடுத்து இஷ்டம்போல் விளையாட விட்டபோது வீடு செய்தாள், நட்சத்திரம் செய்தாள், எல்லாம் அழகாகத்தான் இருந்தது. முக்கோணத்தைப் பற்றிய எண்ணம் மட்டும் அசையவில்லை. அட்டையைக் காட்டி "மூன்று பக்கம், மூன்று முனை" என்று சொல்லிக்கொடுத்தால் அழகாகத் திருப்பிச் சொல்வாள். அப்புறம் மறுபடி "கவுந்துபோச்சு"தான்.

ஒருநாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெவ்வேறு நீளக் குச்சிகளைப் பரப்பினேன். "மூணே மூணு குச்சி எடுக்கணும். முனையோட முனை ஒட்டணும், சந்து விடக்கூடாது. எத்தனை விதமா செய்யலாம்?" அவ்வளவுதான் கேட்டேன். நீளமான ஒன்றையும் குட்டையான இரண்டையும் எடுத்தாள். எப்படி வைத்தாலும் மூடவில்லை. நகர்த்திப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். "ரெண்டும் கை நீட்டியும் எட்டல" என்றாள். ஒரு குட்டைக் குச்சியை வைத்துவிட்டு நீளமானதை எடுத்ததும் மூடிக்கொண்டது. வந்தது ஒல்லியான, ஒரு பக்கம் சாய்ந்த முக்கோணம். முனைகளை எண்ணச் சொன்னேன். எண்ணினாள். நான் சொல்லாமலே பாயைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் குனிந்து இன்னொரு முறை எண்ணினாள். "இங்கேருந்து பாத்தாலும் மூணுதான்."

குச்சியைத் தேர்ந்தெடுத்ததும் எட்டாத குச்சியோடு மல்லுக்கட்டியதும் அவள். எதைக் கொடுப்பது, என்ன நிபந்தனை வைப்பது, எந்த நேரத்தில் எந்தக் கேள்வி கேட்பது என்பது என் வேலை. அமெரிக்க உளவியலாளர்கள் கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் ஆகியோர் சேர்ந்த ஒரு குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதையேதான் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தது. சும்மா விளையாட விட்டவர்கள், பெரியவர் சொல்லக் கேட்டவர்கள், பெரியவர் வழிகாட்ட விளையாடியவர்கள் என்று மூன்று குழு. வடிவத்தின் இலக்கணத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது மூன்றாவது குழு.

சேராததையும் சொல்லிவிடுகிறேன். 1919-ல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் முதல் பள்ளி தொடங்கிய ருடால்ஃப் ஸ்டைனரின் வழியில், முறையான எழுத்துப் பாடம் ஏறக்குறைய ஏழு வயது வரை காத்திருக்கும். மாண்டிசோரியிலோ நான்கு வயதுப் பிள்ளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருக்கும். தேவதைக் கதை ஸ்டைனர் வகுப்பின் உயிர். தன் பெயரிலான முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி சின்னப் பிள்ளைகளுக்கு நிஜ உலகத்தைத்தான் முதலில் கொடுக்கச் சொன்னார். இவற்றைப் பாதிப் பாதியாக எடுக்க வழியே இல்லை, ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டும். எழுத்து விஷயத்தில் நாங்கள் மாண்டிசோரி பக்கம். கதையில் ஸ்டைனர் பக்கம், ஏனென்றால் பேசும் மீனையும் பறக்கும் குதிரையையும் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

மாண்டிசோரி பயிற்றுநர்:

டீச்சர், குச்சி விளையாட்டு பிடித்திருந்தது. கலவை என்ற பெயரில் நான் பார்த்த வேறொன்றையும் சொல்ல வேண்டும்.

ஒரு வகுப்பைப் பார்வையிடப் போயிருந்தேன். மாண்டிசோரி பொருள்களில் ஒன்றான இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள் இருக்கும், ஒரு செ.மீ. பக்கத்தில் தொடங்கி பத்து செ.மீ. வரை. ஒரு பையன் பெரியதிலிருந்து அடுக்கிக்கொண்டே வந்தான். நடுவில் ஒன்றை விட்டுவிட்டான். உச்சியில் குட்டியை வைத்த பிறகு பாயில் ஒரு நடுத்தரக் கட்டை மிஞ்சிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்தான், கோபுரத்தைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான். மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணால் இறங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஆசிரியை வந்து, "இதை இங்கே விட்டுட்டே பாரு" என்று தானே பிரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டார். உடனே ஒரு ஒர்க்ஷீட், பத்துச் சதுரங்களுக்கு வண்ணம் தீட்ட. பையன் சொன்னபடி தீட்டினான். மிஞ்சிய கட்டையே பிழையைக் காட்டிக்கொடுக்கும்படிதான் அந்தப் பொருள் செய்யப்பட்டிருக்கிறது. அவன் அதைக் கண்டுபிடிக்கப் போன கணத்தில் கை குறுக்கே வந்துவிட்டது. அந்தப் பள்ளியில் இதற்கும் "மாண்டிசோரி கலந்த முறை" என்றுதான் பெயர்.

அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்ட் 2012-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே பலர் படித்திருப்பீர்கள். முழு மாண்டிசோரி வகுப்பு, மாண்டிசோரியோடு வேறு பொருள்களையும் சேர்த்த வகுப்பு, வழக்கமான வகுப்பு என்று ஒரு பள்ளி ஆண்டு முழுக்க ஒப்பிட்டார். தன்னைக் கட்டுப்படுத்திக் கவனம் செலுத்துவதிலும் வாசிப்பிலும் கணக்கிலும் முதல் வகைப் பிள்ளைகள் அதிகம் முன்னேறியிருந்தார்கள். பிறகு 2016-ல், சேர்த்து வைத்த பொருள்களைச் சில வகுப்புகளிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சில மாதங்களில் அந்த வகுப்புப் பிள்ளைகள் தொடக்க வாசிப்பிலும் சுயகட்டுப்பாட்டிலும் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள்.

கலக்கவே கூடாது என்று இதிலிருந்து நான் முடிவுகட்டவில்லை. அலமாரியில் இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் வைப்பதும், மூன்று மணி நேரம் தொடர்ந்து நடக்க வேண்டிய வேலையை அரை மணி அரை மணியாக நறுக்குவதும்தான் என் பயம். நேரத்தை நறுக்கிவிட்டால் பிள்ளை எதிலும் மூழ்குவதற்கு வழி இல்லை.

நான்கு வயதுப் பையனின் அப்பா:

நான் ஆசிரியர் இல்லை. பையனின் வகுப்பில் பெரும்பாலும் டீச்சர் சொல்வதுதான், எழுது என்றால் எழுத வேண்டும், பாடு என்றால் பாட வேண்டும். குறை சொல்லவில்லை, ஆசையாகத்தான் போகிறான். ஆனால் விடுமுறை நாளில் வீட்டில் "அடுத்து என்ன பண்ணட்டும்?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அது மனதை உறுத்தியது.

1960-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் டேவிட் வைகார்ட் குழு வளர்த்தெடுத்த ஹைஸ்கோப் முறையில் 'திட்டமிடு, செய், திரும்பிப் பார்' என்று ஒரு வழக்கம் உண்டு என்று படித்தேன். அதை வீட்டில் பிடித்துக்கொண்டோம். விளையாட உட்காரும் முன் "இன்னைக்கு என்ன செய்யப் போறே?" என்று கேட்பேன். ஆரம்பத்தில் "தெரியல" என்பான். அப்புறம் வரைந்து காட்டத் தொடங்கினான். ஒருநாள் வரைந்தது ஒரு நீளக் கோடு, நடுவில் ஒரு கிறுக்கல். "இது பாலம், இது உடையுற இடம்." கட்டையால் பாலம் கட்டினான், அது வேறு இடத்தில் உடைந்தது. விளையாட்டு முடிந்ததும் அந்தத் தாளை எடுத்து வந்து, கிறுக்கலை அடித்துவிட்டு உடைந்த இடத்தில் புதிதாகக் கிறுக்கினான். திரும்பிப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் புரிந்தது.

என் கேள்வி இதுதான்: பள்ளியில் ஒரு விதம், வீட்டில் ஒரு விதம் என்றால் பிள்ளை குழம்பிப்போகாதா?

சிறப்புக் கல்வியாளர்:

பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் தேர்ந்தெடுப்பதையும் சிலருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இன்னும் பேசத் தொடங்காத ஒரு பையன். அலமாரியைச் சுற்றி வருவான், வேலைப் பொருள்கள் வைத்த ஒரு தட்டை இழுப்பான், பாதியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவான். "இவனுக்கு எதிலும் ஆர்வம் இல்லை" என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது தட்டுகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாராலும் ஒன்றைக் கேட்க முடியாது.

இரண்டே தட்டுகள் வைத்தோம். 'முதலில்', 'பிறகு' என்று இரண்டு படங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையை அவன் கைமேல் என் கையை வைத்துத் தொடங்கி, மணிக்கட்டு, அப்புறம் முழங்கை என்று என் கையைப் பின்வாங்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றானது. பிறகுதான் மூன்றாவது தட்டு. இப்படி அடியடியாகச் சொல்லிக்கொடுப்பது மாண்டிசோரிக்கு எதிரானது என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். அப்படியில்லை. மாண்டிசோரி தன் முறையின் பெரும்பகுதியை எடுத்ததே, அறிவு வளர்ச்சியில் சிரமம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர் எட்வார் செகானிடமிருந்துதான். மூன்று கட்டப் பாடம் அவருடையது: "இது நீலம்" என்று பெயர் சொல்வது, "நீலம் எது, காட்டு" என்று கேட்பது, "இது என்ன?" என்று கேட்பது.

பேசாத பிள்ளையிடம் நான் இரண்டாம் கட்டத்திலேயே நெடுநாள் இருப்பேன். "நீலத்தை ஜன்னல்கிட்ட வை." "சிவப்பை என் கையில கொடு." அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, ஆனால் என்னென்ன தெரியும் என்று முழுக்கக் காட்டிவிடலாம். நீல அட்டையை ஜன்னலில் வைத்தவன், திரும்பி வந்து நான் கேட்காமலே என் நீலப் பேனாவையும் கொண்டுபோய் அங்கே வைத்தான்!

தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பவர்:

எதைச் சொல்லிக்கொடுப்பது, எதைக் கண்டுபிடிக்க விடுவது என்று பிரிக்க எனக்கு உதவியது குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே. மனிதர்கள் பேசிவைத்துக்கொண்டதால் மட்டுமே இருக்கும் அறிவு ஒன்று, பிள்ளை தானே பொருள்களை ஒப்பிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டிய அறிவு இன்னொன்று என்று அவர் பிரித்துப் பார்த்தார். முதல் வகையை மணிக்கணக்கில் விளையாடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ஒலி விளையாட்டுதான். "ம்ம் என்று தொடங்கும் ஒன்று கொண்டு வா" என்றால் மணி, மரக்கட்டை, மயில் பொம்மை எல்லாம் வரும். அப்புறம் ட, ப, ம என்று எளிய எழுத்துகள் உப்புத்தாளில், இரண்டு விரலால் தடவி. இதெல்லாம் சுகமாகப் போகும். ஒற்றைக் கொம்பு வந்ததும் நிற்கும். "கெ" என்ற எழுத்தில் ஒலியில் பின்னால் வருவது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. "கொ"வைப் பார்த்து ஒரு சிறுவன் "கெ... ஆ" என்று வாசித்தான். அவன் தர்க்கம் முழுக்கச் சரி! முந்தைய பாடத்தில் கற்றதை அப்படியே பொருத்தியிருக்கிறான். இங்கே "நீயே யோசி" என்று விடுவது அநியாயம். கொம்பும் காலும் இரண்டு பக்கமும் அணைத்தால் ஒரே ஒலி என்று நேரடியாகச் சொன்னேன், பல எழுத்துகளில் காட்டினேன், அவனும் சொன்னான். ஆனால் அட்டை எழுத்துகளைக் கொட்டிவிட்டு "உனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் செய்" என்றபோது நான் வாயே திறக்கவில்லை. "கொக்கு" செய்தான், பிறகு "பொக்கு" செய்துவிட்டு, அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று என்னிடமே கேட்டான்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

அப்பாவின் கேள்விக்கு என் பதில். பிள்ளைகள் இடத்துக்கு ஒரு விதியை வெகு சுலபமாகப் பழகிக்கொள்வார்கள். ஒரே இடத்தில் விதி மாறிக்கொண்டே இருந்தால்தான் தவித்துப்போவார்கள். எங்கள் வகுப்பில் பாய் விரித்திருந்தால் அது அந்தப் பிள்ளையின் வேலை, நானும் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். விளையாட்டு மூலையில் யாரும் யாரோடும் சேரலாம். வட்டமாக உட்கார்ந்தால் நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது சில வாரங்களில் பிடிபட்டுவிடும். வீட்டில் நீங்கள் செய்வதை நிறுத்தாதீர்கள். முடிந்தால் அந்தப் பாலத்தாளை வகுப்பு டீச்சரிடம் காட்டுங்கள். அவர் பார்க்காத ஒரு பையன் அதில் இருக்கிறான்.

இங்கிலாந்தில் 1997-ல் தொடங்கி சுமார் 3000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வும் இப்படி இரண்டையும் சேர்ப்பதன் பக்கமே சாய்கிறது. நன்றாக நடந்த மையங்களில் பெரியவர் தொடங்கிய வேலையும் பிள்ளை தொடங்கிய விளையாட்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. இருவரும் ஒரே விஷயத்தை விடாமல் சேர்ந்து யோசிக்கும் உரையாடல் அங்கே அதிகம் நடந்தது.

பயிற்றுநர் சொன்ன கோபுரத்துப் பையனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் காலை நேரத்தில் வட்டமாக உட்காருவது நடுவில் வருகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட உத்தேசம், வேலை நேரம் உடையாமல் இருக்கும். அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால், மூன்று வயதுக்காரர்கள் அவ்வளவு நேரம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று எழுதுங்கள். சிறப்புக் கல்வியாளரிடம் ஒன்று: மூன்றாவது தட்டு வந்த பிறகும் அந்த 'முதலில், பிறகு' படங்களை வைத்திருந்தீர்களா, எடுத்துவிட்டீர்களா? என் வகுப்பிலும் அலமாரியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள்.