பெயின்ட் அடித்த 737 எவர்சில்வர் குடம் மாதிரி மின்னுகிறது, உதவி வேண்டும்

வால்காற்று:
எஃப்எஸ்எக்ஸ் ஸ்டீம் பதிப்பில் (கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்) ஓடும் ஒரு இலவச 737 மாடலுக்கு முதல் தடவையாக நானே பெயின்ட் அடிக்கிறேன். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2023 அக்டோபரில் புது நிறத்தைக் காட்டினார்களே, முதல் விமானத்தின் வாலில் பந்தனி, அப்புறம் ஒவ்வொன்றிலும் அஜ்ரக், காஞ்சிபுரம் என்று வேறு வேறு துணி. அதைப் பார்த்ததிலிருந்து ஆசை. அம்மாவின் முகூர்த்தப் புடவையைப் படம் எடுத்து (அரக்கு உடல், பச்சைக் கரை, நடுவில் ஜரிகை) கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் மூன்று இரவு உட்கார்ந்து வாலுக்குப் பொருத்தினேன். தலைகீழாக வந்தது, டிடிஎஸ் ஃபைலை (விமானத்தின் மேல் ஒட்டும் படம்) கவிழ்த்துச் சேமிக்க வேண்டும் என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். இப்போது மிச்சம் மூன்று தொல்லை. விமானம் முழுக்கப் பளபளவென்று மேகமெல்லாம் அதில் தெரிகிறது, நான் அடித்த வெள்ளையைக் காணோம். 4096-க்கு 4096 புள்ளி அளவில் வரைந்தும் ஜரிகை கலங்கிப்போய் இருக்கிறது. வலது பக்கம் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

பழைய_பைலட்:
முதல் தொல்லைக்குக் காரணம் ஆல்பா சேனல், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தோடு கூடவே இருக்கும் இன்னொரு கறுப்பு வெள்ளை அளவு. இந்த சிமுலேட்டரில் பெரும்பாலான மாடல்களில் ‘_டி’ என்று முடியும் ஃபைலின் ஆல்பா, ஒளி ஊடுருவுவதற்கு இல்லை, பிரதிபலிப்புக்கு. வெள்ளை என்றால் மங்கல், கறுப்பு என்றால் முழுக் கண்ணாடி. நீங்கள் பின்னணி லேயரை மறைத்துவிட்டுச் சேமித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், வெற்றிடமெல்லாம் ஆல்பாவில் கறுப்பாகிவிட்டது. மாடலோடு வந்த மூல ஃபைலின் ஆல்பாவை அப்படியே எடுத்து உங்கள் படத்தில் ஒட்டி டிஎக்ஸ்டி5-ஆக (ஆல்பாவையும் சேர்த்துச் சுருக்கும் வகை) சேமியுங்கள். மூல ஃபைலை அழித்திருந்தால் 255-க்கு 230 அளவில் ஒரே சாம்பல் போடுங்கள், என் கண்ணுக்கு அது புது பெயின்ட் மாதிரி இருக்கும். இனிமேலாவது மூல ஃபோல்டரைத் தொடாதீர்கள் தம்பி, உங்கள் படங்களுக்குத் தனி டெக்ஸ்சர் ஃபோல்டர் வைத்து, விமானத்தின் அமைப்பு ஃபைலான ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜியில் அடுத்த எண்ணில் ஒரு ‘எஃப்எல்டிசிம்’ பகுதி சேருங்கள். எண் நடுவில் விட்டுப்போனால் பட்டியலில் விமானமே வராது.

தறிக்காரன்_மகன்:
ஜரிகைக்கு நான் சொல்கிறேன். முதலில் சிமுலேட்டரின் அமைப்பு ஃபைலில் (எஃப்எஸ்எக்ஸ் சிஎஃப்ஜி, சிலருக்கு எஃப்எஸ்எக்ஸ்_எஸ்இ சிஎஃப்ஜி) ‘டெக்ஸ்சர் மேக்ஸ் லோட்’, அதாவது ஏற்றும் படத்தின் அதிகபட்ச அளவு, என்ன என்று பாருங்கள். 1024 என்று இருந்தால் நீங்கள் 4096-இல் வரைந்தது நீளத்திலும் அகலத்திலும் கால்வாசியாகச் சுருங்கித்தான் திரைக்கு வரும். மாற்றிய பிறகு கிராஃபிக்ஸ் செட்டிங்கில் எதையாவது நோண்டினால் அது சத்தமில்லாமல் 1024-க்கே திரும்பிவிடும், எனக்கு இது புரியவே ஒரு மாசம் ஆச்சு.

அடுத்தது டிஎக்ஸ்டி சுருக்கம். அது படத்தை 4-க்கு 4 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறம்தான் வைத்துக்கொள்கிறது, மற்றதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் கலந்து கிடைப்பது. வெள்ளை மேல் நீலக் கோடு போட்டால் பிரச்சினையே இல்லை. உங்களுக்கோ அரக்கும் பச்சையும் ஜரிகையும் ஒரே கட்டத்துக்குள் வந்து விழுகின்றன, அதிலும் தாழம்பூ ரேக்கு மாதிரி பல் பல்லாகப் போகும் கரை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் ஜரிகைக் கோட்டை எட்டுப் புள்ளி அகலத்துக்குக் குறையாமல் வரையுங்கள், அல்லது வால் இருக்கும் ஷீட்டை (படத் தாளை) மட்டும் சுருக்காமல் 32 பிட்டில் வையுங்கள். 2048 அளவு என்றால் 16 எம்பி, தாங்கும். எல்லா ஷீட்டையும் 4096-இல் அப்படி வைத்தால் ஒவ்வொன்றும் 64 எம்பி, இது 32 பிட் சிமுலேட்டர், 4 ஜிபியைத் தாண்டினால் லேண்டிங் நேரத்தில் மெமரி இல்லை என்று மூடிக்கொள்ளும்.

ஆசைக்கு ஒன்று: ஜரிகை மேல் மட்டும் ஆல்பாவைக் கொஞ்சம் கறுப்பாக்கினால் வெயிலில் மின்னும்.

பழைய_பைலட்:
நிஜ விமானத்தின் வாலில் ஜரிகையா நெய்திருக்கிறார்கள்? பெயின்ட் பெயின்ட்டாக இருந்தால்தான் அழகு.

தறிக்காரன்_மகன்:
அண்ணா, புடவையை வாலில் கட்டிய பிறகு நிஜம் பேசக் கூடாது.

மூன்றாவது தொல்லைக்கு வருகிறேன். மாடல் செய்தவர் இரண்டு பக்கத்துக்கும் ஷீட்டில் ஒரே இடத்தைப் பயன்படுத்தியிருந்தால் நாம் வரைந்து தீர்க்க முடியாது, அது மாடல் ஃபைலுக்குள் இருக்கிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பழைய 737-800-களில் வாலின் இடப் பக்கம் ஒரு ஓவியம், வலப் பக்கம் வேறு ஓவியம், அந்த மாதிரி மாடலில் அதை வரையவே வழியில்லை. ஷீட் முழுக்கக் கட்டம் போட்டு 1, 2, 3 என்று எண் எழுதி சிமுலேட்டரில் சுற்றிப் பாருங்கள். ஒரே எண் இரண்டு இடத்தில் தெரிந்தால் அங்கே எழுத்து வைக்காதீர்கள்.

வால்காற்று:
ஆல்பா ஒட்டினேன், குடம் போய் விமானம் வந்தது. லோட் 1024-இல்தான் இருந்தது. எண் எழுதிப் பார்த்ததில் வாலுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி இடம், பின் உடல் மட்டும் பொது, 47-ஆம் கட்டம் இரண்டு பக்கமும் வருகிறது. பெயரை முன்பக்கம் நகர்த்திவிட்டேன். ஜரிகைக்கு ஆல்பா 180 வைத்தேன், மன்னிக்கவும் பழைய பைலட் சார், சாயங்கால வெளிச்சத்தில் பிரமாதமாக இருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். கரை இந்தப் பச்சை இல்லடா, கிளிப்பச்சை, நீ டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்திருக்கே என்றாள். மறுபடி கிம்ப்பைத் திறக்கிறேன்.