புதுப்பிப்பு: ஜாவா உடம்பு, யெஸ்டி உயிர்

குளச்சல் உப்புக்காற்றில் மட்கிய ஒரு ஜாவா 250 மோட்டார் சைக்கிள், மார்த்தாண்டத்தில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்த ஒரு யெஸ்டி 250, இரண்டையும் பிரித்து ஒரு வண்டி ஆக்கப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேனே, அது போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இரண்டுமே மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்தவை. 1973க்குப் பிறகு பெயர்தான் யெஸ்டி. உள்ளே அதே 65 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). அதனால் ஜாவா சட்டத்தில் (ஃபிரேமில்) யெஸ்டி எஞ்சின் சண்டை போடாமல் உட்கார்ந்தது. பெட்ரோல் டேங்க் ஜாவாவுடையது. மட்கார்டு மட்டும் இரண்டிலும் தேறவில்லை.

ஆனால் முதல் நாளே வெள்ளைப் புகை. தெருவே மூடிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலிலேயே ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த ஆயில் கூடிவிட்டதோ என்று நான் அதைக் குறைக்கப் போனேன். தக்கலை மெக்கானிக் ஆசான் கியர் ஆயிலை அளந்து பார்த்தார், பாதிதான் இருந்தது. "கிராங்க் சீல் போச்சு மக்ளே, கியர் ஆயிலைக் குடிக்குது." கியர் ஆயில் எஞ்சினுக்குள் போகாமல் தடுக்கும் வளையம்தான் அந்த சீல். அதை மாற்றினோம், புகை நின்றது. பெட்ரோலில் ஆயிலைக் குறைத்திருந்தால் வழவழப்பு இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கும்!

ஸ்டார்ட் செய்ய உதைத்த லிவரே மடங்கி கியர் லிவராகும் அந்த வித்தையைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள்.

அப்புறம், ரோட்டில் எப்போது ஓட்டுவாய் என்று கேட்டவர்களுக்கு: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பழைய எஞ்சின் நம்பர்தான் இருக்கிறது. அதை மாற்ற நாகர்கோவில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். அதுவரை வண்டி முற்றத்தைத் தாண்டாது.