ரிப்போர்ட்டில் 45 குரோமோசோம், 13;14 என்று வந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொங்குப்பெண்

வணக்கம். எனக்கு 29 வயது, திருப்பூர் பக்கம். கரு உண்டான ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது வாரத்தில் ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பப்பை எல்லாம் நார்மல். கடைசியாக இருவருக்கும் கேரியோடைப் (ரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். கணவருக்கு 46, எக்ஸ்ஒய். எனக்கு 45, எக்ஸ்எக்ஸ், ராபர்ட்சோனியன் 13;14. டாக்டர் "டிரான்ஸ்லொகேஷன், ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) போய்விடலாம்" என்று முடித்துவிட்டார். வெளியே அவ்வளவு கூட்டம், மேலே கேட்க வாய் வரவில்லை.

ஒன்று குறைகிறது என்றால் எனக்கு ஏன் எந்தக் குறையும் இல்லை? கணவர் என் சொந்த அத்தை பையன். உறவில் கட்டியதால் வந்ததா? அத்தை வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் "எம்பையனுக்கு ஒண்ணுமில்ல" என்கிறார். அவருக்கும் இவர் பிறப்பதற்கு முன்னால் கரு தங்காமல் போயிருக்கிறது, அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். இதற்கு நடுவில் இன்னொரு இடத்தில் எம்டிஎச்எஃப்ஆர் என்ற ஜீனுக்கு டெஸ்ட் எடுத்து, அதிலும் மாற்றம் இருக்கிறது, கரு உண்டானதும் தினமும் ஹெப்பரின் ஊசி (ரத்தம் உறையாமல் இருக்க) போட வேண்டும் என்கிறார்கள்.

ஸ்லைடுக்காரன்

குரோமோசோம் லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. இந்த ரிப்போர்ட் எங்களுக்குப் புதிதில்லை. ராபர்ட்சோனியன் டிரான்ஸ்லொகேஷன் என்றால் இரண்டு குரோமோசோம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்த வகை ஒட்டல் இருக்கும், அதிலும் 13-14 ஜோடிதான் அதிகம்.

உங்களுக்கு எதுவும் குறையவில்லை. ஒரு 13உம் ஒரு 14உம் ஒட்டிக்கொண்டதால் எண்ணிக்கை 45 ஆகிவிட்டது. ஒட்டும்போது இழப்பது அவற்றின் குட்டைக் கையை (குட்டையான பக்கத்தை) மட்டும். அதில் இருக்கும் சரக்கு 15, 21, 22இலும் இருப்பதால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. சிக்கல் முட்டை உருவாகும்போதுதான். ஒட்டியது, தனி 13, தனி 14 என்று மூன்றும் பிரிய வேண்டும். பெரும்பாலும் ஒழுங்காகவே பிரியும். தவறினால் ஒன்று கூடும், அல்லது குறையும். குறைந்தால் நாள் தள்ளிப்போனதே தெரியாமல் போய்விடும். 14 கூடினால் முதல் மூன்று மாதத்துக்குள் கலைந்துவிடும். 13 கூடினாலும் பெரும்பாலும் கலைந்துவிடும், அபூர்வமாகப் பட்டாவ் சிண்ட்ரோம் என்ற கடுமையான பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும். அதனால் அடுத்த முறை 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனை, இல்லை 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இதே ஆண்களுக்கு இருந்தால் விந்தணுவில் கோளாறான பங்கு பெண்களின் முட்டையை விடக் குறைவு. நியாயமில்லைதான்.

உறவில் கட்டியதற்கும் இந்த ஒட்டலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் உறவு வேறு மாதிரி உள்ளே வருகிறது. இது பெரும்பாலும் அப்பா அல்லது அம்மாவிடமிருந்து வருவது. உங்கள் அப்பாவிடமிருந்து வந்து, அவருக்கு அது தாத்தா பாட்டியிடமிருந்து வந்திருந்தால், அவர் கூடப் பிறந்த அத்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு! உங்கள் கணவருக்கு வராமல் போனது அதிர்ஷ்டம், அவ்வளவே. அத்தைக்குக் கரு தங்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம், பரிசோதிக்காமல் அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் உங்கள் அப்பா அம்மாவின் ரத்தத்தைப் பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அது உதவும்.

மருந்துக்கடை_அண்ணன்

எம்டிஎச்எஃப்ஆர் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த மாற்றம் தெருவில் போகிற வருகிறவர்களில் ஏகப்பட்ட பேருக்கு இருக்கும். தொடர் கருச்சிதைவுக்காக அந்த டெஸ்டே எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மரபியல் மருத்துவர் அமைப்பு 2013லேயே சொல்லிவிட்டது. ஹெப்பரினும் ஆஸ்பிரினும் உதவுவது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோமுக்கு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை உறையவைக்கும் நோய்), அது பரம்பரை வியாதி இல்லை. ஃபேக்டர் ஃபைவ் லைடன் போன்ற பரம்பரை ரத்தம் உறையும் கோளாறு இருந்த பெண்களுக்கே ஹெப்பரின் போட்டுப் பார்த்து, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை என்று 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எதற்காக ஊசி என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். பேச்சு சரியில்லை என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

பவானிக்கரை

தங்கச்சி, எனக்கும் இதே 13;14தான். இப்போது பையன் ஒன்றாம் வகுப்பு, ஐவிஎஃப் இல்லாமல் பிறந்தவன். அவனுக்கும் என்னை மாதிரியே 45, ஓடி ஆடிக்கொண்டு இருக்கிறான். ஐவிஎஃப் செய்து கருவைச் சோதித்து வைத்தால் கலைவது குறையும், உண்மைதான். வயது 38 என்றால் நானும் அங்கேதான் போயிருப்பேன். எங்கள் ஜெனிட்டிக் கவுன்சலர் 2006இல் வந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றைக் காட்டினார். இப்படி டிரான்ஸ்லொகேஷன் போன்ற குரோமோசோம் மாற்றம் இருந்த தம்பதிகளில் 83 சதவீதம் பேருக்கு, சில வருடங்களில் ஆரோக்கியமான குழந்தை ஒன்றாவது இருந்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கு 84. நடுவில் கலைந்தது மாற்றம் இருந்தவர்களுக்குத்தான் அதிகம், அந்த வலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைத் தாங்க முடியுமா என்பதை நீங்களும் மாப்பிள்ளையும் பேசி முடிவு எடுங்கள். அத்தையைக் கேட்க வேண்டாம் 😄

கொங்குப்பெண்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் போனில் பேசினேன், "எனக்கெதுக்கு?" என்றவர் அப்புறம் சரி என்றுவிட்டார். வெறும் வயிற்றில் வர வேண்டுமா? அவருக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கிறது.

ஸ்லைடுக்காரன்

வேண்டாம், சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டே வரலாம். பச்சை மூடி டியூப்பில்தான் எடுக்க வேண்டும், ஐஸில் உறையவிடக் கூடாது. செல் வளர வேண்டும் என்பதால் ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்கள் ரிப்போர்ட்டின் நகலையும் கூடவே கொடுத்துவிடுங்கள், எதைத் தேடுகிறோம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்.